உன் போன் குளிரில் சாகவில்லை

வின்னிபெக், கனடா
ஜனவரி 19

அன்புள்ள செல்வம்,

நலம்தானே? மதினியும் பிள்ளைகளும் சுகமா? உன் குரல் செய்தியை வேனில் உட்கார்ந்து இரண்டு தடவை கேட்டேன். தூத்துக்குடியில் இறால் கம்பெனி, அதிலும் குளிர்கிடங்கு வேலை என்றதும் சிரிப்பு வந்துவிட்டது மக்கா. தென்காசி மார்கழிக்கே தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தவன், இப்போது தினம் நாலைந்து தடவை மைனஸ் 18-க்குள் போய்வருகிறாய்! நாலு மாதத்தில் கம்பெனி போன் இரண்டு போய்விட்டது, மேனேஜர் சம்பளத்தில் பிடிப்பேன் என்கிறார் என்று புலம்பியிருந்தாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் இங்கே மைனஸ் 31. வீட்டைச் சூடாக்கும் பர்னஸைப் பழுதுபார்க்கப் போன இடத்தில் காலிங்பெல் வேலை செய்யவில்லை, வீட்டுக்காரருக்கு அடிக்கலாம் என்று போனை எடுத்தால் 42 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது கண்ணெதிரே அணைந்துபோனது. சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டிவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கதவைத் தட்டிக்கொண்டே நின்றேன். மறுபடி போட்டால் 39. சார்ஜ் எங்கேயும் போய்விடவில்லை. மார்கழியில் பாட்டிலோடு உறைந்த தேங்காய் எண்ணெயைக் கவிழ்த்துப் பிடித்தாலும் சொட்டு விழாதே, அந்தக் கதைதான். பேட்டரிக்குள் இருக்கும் திரவம் குளிரில் கெட்டியாகி, சார்ஜைச் சுமக்கும் லித்தியம் அயனிகள் நகரத் திணறும், வோல்டேஜ் சரியும், காலியாகிவிட்டது என்று நினைத்துப் போன் படுத்துவிடும். சூடு ஏறினால் எழுந்துவிடும்.

எழாத கேஸ் ஒன்றும் உண்டு, அது என் கைங்கரியம். போன குளிர்காலத்தில் ஆபீஸ் டேப்லெட்டை ராத்திரி முழுக்க வேனிலேயே விட்டுவிட்டு, காலையில் வந்ததும் வராததுமாக வேன் சார்ஜரில் சொருகுவேன். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் போட்டால் லித்தியம் பேட்டரித் தகட்டுக்குள் போய் அடங்காமல் உலோகமாகவே அதன் மேலே படிந்துவிடுமாம், அப்படிப் படிந்தது திரும்பாது. சாயங்காலம் வரை தாங்கிய டேப்லெட் இப்போது மத்தியானத்துக்கே மூச்சு வாங்குகிறது. அதனால் நீ வெளியே வந்தவுடன் சார்ஜரைத் தேடாதே. தொட்டால் சில்லென்று இருக்கும்வரை சும்மா விடு.

ஆனால் உன் விஷயம் வேறு என்றுதான் எனக்குப் படுகிறது. இரண்டு போனிலும் முதலில் கேமராக் கண்ணாடிக்குள் பனி மூட்டம் போட்டது என்றாய் பார், அது தண்ணீர். இங்கே குளிர்காலக் காற்று உதடு வெடிக்கிற அளவுக்கு வறட்சி, அதனால் போனை வீட்டுக்குள் கொண்டுவந்தாலும் பெரிதாக வேர்க்காது. உனக்கு வெளியே காத்திருப்பது கடற்கரைப் புழுக்கம். ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த சோடா பாட்டில் எப்படி வேர்க்கும்? மைனஸ் 18-ல் ஊறிய போனும் அப்படித்தான் வேர்க்கும், உள்ளே புகும் காற்றிலுள்ள ஈரம் சர்க்யூட் போர்டு மேலேயே படியும். உன் போனைக் கொன்றது உள்ளே இருந்த நேரம் அல்ல, வெளியே வந்த நிமிடம்.

அதற்கு வைத்தியம் காசு பெறாத ஜிப் கவர்தான். குளிரறைக்கு உள்ளேயே, கதவைத் திறப்பதற்கு முன்னால், போனைக் கவரில் போட்டுக் காற்றை அமுக்கி வெளியேற்றி மூடு. வெளியே வந்து அப்படியே மேசையில் வை. ஈரம் கவர் மேல்தான் படியும். அரைமணி, ஒரு மணி நேரம் கழித்துக் குளிர்ச்சி போனபிறகு திற. அவசரப்பட்டு ஹேர் டிரையர் பிடிப்பது, அரிசிப் பானையில் புதைப்பது எல்லாம் வேண்டாம், அரிசியை ஆப்பிள் கம்பெனியே வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

அதைவிட நல்லது, போனை உள்ளே கொண்டுபோகாமலே இருப்பது. பெட்டி எண்ணிக்கையைப் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தால் போதாதா? பேனா வேண்டாம், மை இறுகிவிடும். போன் கட்டாயம் வேண்டுமென்றால் ஜாக்கெட்டின் மேல்பையில் அல்ல, அதற்குள்ளே பனியனை ஒட்டி வை.

மேனேஜரிடம் சண்டைக்குப் போகாதே. ஆப்பிள்காரனே தன் ஐபோனை 0 முதல் 35 டிகிரிக்குள்தான் பயன்படுத்தச் சொல்கிறான்; உன் போனின் கையேட்டிலும் இப்படி ஓர் எண் இருக்கும், அதைக் காட்டிவிட்டு, குளிரறைக்குப் போகிறவனுக்கு அந்த வேலைக்கென்றே செய்த பார்கோடு ஸ்கேனர் வாங்கிக் கொடுங்கள் என்று கேள். கண்ணாடியில் மூட்டம் போடாமல் இருக்க ஹீட்டர் வைத்தே வருகிறது. விலை கூடத்தான், ஆனால் நாலு மாதத்துக்கு இரண்டு போன் என்று கணக்குப் போட்டால் அவரே யோசிப்பார்.

கிடங்கில் ஏற்கெனவே ஒரு பழைய ஸ்கேனர் கிடக்கிறது என்றாயே, அதன் மாடல் நம்பரைப் படம் எடுத்து அனுப்பு, குளிருக்குத் தாங்குமா என்று பார்த்துச் சொல்கிறேன். மூட்டம் போட்ட உன் போனில் எடுக்காதே, வாட்ச்மேன் அண்ணாச்சி போனை வாங்கி எடு.

அன்புடன்,
கணேசன்