மெல்பர்ன் பிரபுவின் மற்ற கடிதங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மெல்பர்ன் பிரபுவைப் பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். 1837-ல் 18 வயதில் பட்டத்துக்கு வந்த விக்டோரியாவுக்கு 58 வயதுப் பிரிட்டிஷ் பிரதமரான அவர் அரசியல் சொல்லிக்கொடுத்தது, இருவருக்கும் இடையே ஓடிய கடிதங்கள், மனைவி கரோலின் கவிஞர் பைரனோடு சேர்ந்து ஊர் சிரிக்கவைத்ததை அவர் பொறுத்துப்போனது எல்லாமே சுவையாகத்தான் இருந்தது. ஆனால் 1830 முதல் 1834 வரை அவர் உள்துறை அமைச்சராக இருந்த காலத்துக்குக் கட்டுரையாளர் ஒதுக்கியது ஒரே ஒரு வரி. என் சண்டை அங்கேதான்.

1834 ஜனவரி கடைசியில் தென் இங்கிலாந்தின் டார்செட் மாவட்ட மாஜிஸ்திரேட் ஜேம்ஸ் ஃப்ராம்ப்டன் அவருக்குக் கடிதம் போடுகிறார்: இந்தப் பக்கத்துப் பண்ணையாட்கள் ரகசியமாகச் சத்தியம் செய்து சங்கம் சேர்கிறார்கள், என்ன செய்யலாம்? அங்குள்ள டால்பட்டில் கிராமத்தில் வாரக் கூலி 9 ஷில்லிங்கிலிருந்து 8, அப்புறம் 7 என்று இறங்கி, இனி 6 தான் என்று பேச்சு வந்திருந்த நேரம் அது. சங்கம் வைப்பது அப்போது குற்றமே இல்லை. சரி, சங்கத்தை விட்டுவிட்டுச் சத்தியத்தைப் பிடித்தார்கள். கடற்படைக் கலகத்துக்குப் பயந்து ரகசியச் சத்தியங்களுக்கு எதிராக 1797-ல் போட்ட ஒரு சட்டம் கைகொடுத்தது. ஆறு பேருக்கு ஏழு ஆண்டு நாடுகடத்தல். வழக்கு நடக்கட்டும் என்று அனுமதித்த கிராண்ட் ஜூரியின் தலைவர் வில்லியம் பொன்சன்பி யார் தெரியுமா? கரோலினின் தம்பி, அதாவது மெல்பர்னின் மைத்துனர். அக்காவின் காதல் கதைக்கு அத்தனை இடம் கொடுத்த கட்டுரையாளர் தம்பியை எப்படி விட்டார்?

ஏப்ரல் 21 அன்று அந்த ஆறு பேருக்காக லண்டனில் பெரும் ஊர்வலம், 2 லட்சத்துக்கு மேல் கையெழுத்துகளோடு ஒரு மனு. இத்தனை கூட்டத்தோடு வந்தால் வாங்கமாட்டேன் என்று மெல்பர்ன் திருப்பி அனுப்பிவிட்டார், பிறகு சிலர் மட்டும் எடுத்துப்போனபோது வாங்கிக்கொண்டார். மன்னிப்பு வந்தது 1836-ல், அவரே பிரதமராக இருந்தபோது. ஆனால் அதைச் செய்துமுடித்தவர் உள்துறையிலிருந்த ஜான் ரஸ்ஸல். (ஆறு பேரில் ஜார்ஜ் லவ்லெஸ் அனுப்பப்பட்டது டாஸ்மேனியாவுக்கு. அதற்கு எதிர்க்கரையில் முளைத்த ஊருக்கு 1837-ல் மெல்பர்ன் என்றே பெயர் வைத்தார்கள்!)

இன்னொன்று. 1841-ல் பதவி போனதும் அவர் கண்ணியமாக ஒதுங்கிக்கொண்டார் என்று கட்டுரை சொல்கிறது. இல்லை. பீல் பிரதமராகி உட்கார்ந்த பிறகும் ராணிக்கும் இவருக்கும் கடிதப் போக்குவரத்து நிற்கவில்லை. புதுப் பிரதமருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று பயந்த ராணியின் ஆலோசகர் ஸ்டாக்மர் கண்டித்து எழுதிய குறிப்பை, மெல்பர்னிடம் முன்பு செயலாளராக இருந்த ஆன்சனே கொண்டுபோய்க் காட்டுகிறார். சோஃபாவில் உட்கார்ந்திருந்தவர் துள்ளி எழுந்து, வெறிபிடித்தவர் மாதிரி அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்ததாக ஆன்சன் எழுதிவைத்திருக்கிறார். ராணிக்கு எழுதும்போது தன்னையே யாரோ மூன்றாம் ஆள் போல, ‘மெல்பர்ன் பிரபு பணிவான வணக்கம் தெரிவிக்கிறார்’ என்று தொடங்குகிற மனிதர்தான் இவர்! இத்தனைக்கும் இது விக்டோரியாவின் கடிதங்கள் என்று 1907-ல் பென்சனும் ஈஷர் பிரபுவும் தேர்ந்தெடுத்து அச்சிட்ட தொகுப்பிலேயே இருக்கிறது, எங்கும் தோண்ட வேண்டியதில்லை.

அவர் அன்பானவர் இல்லை என்று நான் சொல்லவில்லை. வலிப்பு நோயோடு பிறந்த மகன் அகஸ்டஸை, அந்தக் காலப் பிரபுக்கள் பலர் செய்தது போல எங்கோ அனுப்பிவிடாமல் கடைசிவரை தன்னோடு வைத்துக்கொண்டவர். ஆனால் ராணிக்கு எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டு ஆளை எடைபோட்டால் மாஜிஸ்திரேட்டுகளுக்கு எழுதியதை யார் கணக்கில் சேர்ப்பது? அந்த உள்துறைக் கோப்புகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எதிர்த்தரப்பும் எழுதியிருக்கிறது: லவ்லெஸ் 1837-ல் ஊர் திரும்பியதுமே நடந்ததையெல்லாம் ஒரு சிறுநூலாக அச்சிட்டார். தொடர் அடுத்த வாரம் பாமர்ஸ்டனுக்குப் போகிறதாம். அதற்கு முன் டார்செட்டுக்கு ஒரு வாரம் ஒதுக்கும்படி கட்டுரையாளரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்