வலிக்காத இடம்

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. "தொப்புளுக்கு வலப்பக்கம் போட்டால் வலிக்கவே இல்லைப்பா, தினமும் அங்கேதான் இன்சுலின் ஊசி" என்றாய். அந்த இடத்தை விட்டுவிடு, பாப்பா.

நானும் 6 வருஷம் அப்படித்தான் போட்டேன். ஒருநாள் குளிக்கும்போது வயிற்றில் ஊசி போடும் இடத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. நெல்லிக்காய் அளவு, அமுக்கினாலும் அமுங்கவில்லை. அப்போது என் சர்க்கரை 300-ஐ விட்டு இறங்காமல் நின்றது; டாக்டரும் யூனிட்டை ஏற்றிக்கொண்டே போனார். கடைசியில் கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். கொழுப்பு இல்லை, அமிலாய்டு; அதாவது புரதம் இழை இழையாகத் திரண்ட படிவு. நான் போட்ட இன்சுலினே தோலுக்கடியில் திரண்டு கிடந்திருக்கிறது. அந்தக் கட்டிக்குள் போட்ட ஊசி ரத்தத்துக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை.

உனக்குத்தான் தெரியுமே, 28 வருஷம் லேபில் ஸ்லைடுக்குச் சாயம் ஏற்றியவன் நான். காங்கோ ரெட் என்ற சாயம் போட்டால் அமிலாய்டு வெளிர்சிவப்பாகத் தெரியும். மைக்ராஸ்கோப்பில் போலரைசர் என்ற ஒளி வடிகட்டியைத் திருப்பினால், இருட்டுக்குள் பச்சை ஆப்பிள் நிறத்தில் மினுங்கும். அந்த ஸ்லைடில் இருப்பது யாரோ ஒருவருடைய சிறுநீரகத் துண்டு என்று நினைத்தால் வயிற்றைப் பிசையும்.

ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு மடிப்பு உண்டு. மடிப்புக் கலைந்தவை ஒன்றோடொன்று ஒட்டி, அடுக்கடுக்காகச் சேர்ந்து இழையாகும். முதலில் நாலைந்து ஒட்டத்தான் நாளாகும். அப்புறம் உறைமோர் விழுந்த பால்தான். ஒரே இடத்தில் தினமும் இன்சுலினைத் தேக்கினால் அந்த உறைக்கு நாமே வழிசெய்கிறோம்.

நம் கணையத்துக்குள்ளும் இதே கதை நடக்கிறது. இன்சுலின் சுரக்கும் செல்லே அமிலின் என்ற சின்னப் புரதத்தையும் சுரக்கிறது. 37 அமினோ அமிலம்தான். இரண்டாம் வகை சர்க்கரை நோயில் அது திரண்டு அந்தச் செல்லையே நலிய வைக்கிறது. 1901-லேயே யூஜின் ஓப்பி என்ற அமெரிக்க மருத்துவர் கணையத்தில் அந்தப் படிவைப் பார்த்துவிட்டார். அது எந்தப் புரதம் என்று தெரிய 1987 ஆயிற்று! எலியின் அமிலின் திரளாது. மூன்று இடத்தில் அதற்கு புரோலின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது; அது இழை சேரவிடாது. நமக்கும் பூனைக்கும் அந்தக் காப்பு இல்லை. எலியிடமிருந்து அந்த மூன்றையும் கடன் வாங்கித்தான் பிராம்லின்டைடு என்ற சர்க்கரை நோய் மருந்தைச் செய்தார்கள். இந்த நோயில் நம்மை அறியாமல் உடம்புக்குள் இப்படியும் நடக்கிறது. அதனால், இனிப்புத் தின்றே வரவழைத்துக்கொண்டாய் என்று யார் சொன்னாலும் மனதில் வைத்துக்கொள்ளாதே.

ஒரு முக்கியமான விஷயம். புது இடத்துக்கு மாறும்போது பழைய யூனிட்டை அப்படியே போடாதே, டாக்டரிடம் கேட்டுக் குறைத்துக்கொள். நல்ல சதையில் மருந்து முழுசாக ஏறும். நான் கேட்காமல் போட்டு, விடிகாலை 3 மணிக்கு வேர்த்துக் கொட்டி, உன் அம்மா சர்க்கரைத் தண்ணீர் புகட்டினாள்.

வயிறு, தொடை என்று மாற்றி மாற்றிப் போடு; முந்தின ஊசியிலிருந்து இரண்டு விரற்கடையாவது தள்ளி. போடுமுன் விரலால் தடவிப் பார். கெட்டியாக ஏதாவது பட்டால் டாக்டரிடம் காட்டிவிட்டு எனக்குச் சொல். எந்நேரமானாலும் எடுப்பேன்.

அப்பா