ஜன்னல் திண்டுல இருந்தது குப்பை இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். கொடைக்கானல் மேல்மலைல ஒரு ஸ்கூல்ல சயின்ஸ் எடுக்கறேன். எங்க கிளாஸ் ஜன்னல் திண்டுல பசங்க கொண்டு வந்த பைன் காய், நத்தை ஓடு, லைக்கன் (மரத்து மேல பாசி மாதிரி ஒட்டி வளர்றது) படிஞ்ச குச்சி, குருவி விட்டுட்டுப் போன கூடுன்னு வரிசையா இருந்துச்சு. போன வருஷம் ஸ்கூல் பாக்க வந்தவங்க "என்னம்மா இவ்ளோ குப்பை, எடுத்துடுங்க"ன்னு சொல்லிட்டாங்க, மறுநாளே எல்லாம் வெளிய போயிடுச்சு. எனக்கு இன்னும் மனசு ஆறல, அதான் எழுதறேன்.

ஜிம்னோஸ்பெர்ம், அதாவது பழத்துக்குள்ள மூடாம விதை வைக்கற பைன் மாதிரி மரங்களப் பத்தின பாடம் ஸ்மார்ட் போர்டுல ஓடினப்போ பாதிப் பேர் கொட்டாவி விட்டாங்க, இத்தனைக்கும் நடந்து வர்ற வழியெல்லாம் பைன் மரம்தான். அன்னிக்கு நல்லா விரிஞ்ச காய் ஒண்ண வாளித் தண்ணில போட்டேன், மத்தியானத்துக்குள்ள செதில் ஒவ்வொண்ணா மடங்கி மூடிக்கிச்சு, வெயில்ல காய வச்சதும் திரும்ப விரிஞ்சுது. கிளாஸ்ல வாயே திறக்காத ஒரு பையன் எந்திரிச்சு "செத்துப்போனது எப்படி டீச்சர் அசையுது"ன்னு கேட்டான். செதிலோட வெளி அடுக்கு தண்ணி குடிச்சு நீளும், உள் அடுக்கு அவ்வளவா நீளாது, அதனால உள்பக்கமா வளையுது, இதுக்கு உசுரே வேணாம், காஞ்சு திறந்தாதான் இறக்கை வச்ச விதை காத்துல தூரமா போகும்னு சொன்னேன். உடனே கடைசி பெஞ்சுப் பொண்ணு "அப்போ மழைக்கு நம்ம கிளாஸ் கதவு இறுகிக்கறதும் தண்ணி குடிச்சுதானா"ன்னு கேட்டா. இந்தக் கேள்வி எந்த கைடுலயும் இல்லீங்க!

வெள்ளிப் பெரணிங்கற ஃபெர்ன் செடியோட இலைய கைல அழுத்தி வெள்ளை அச்சு வைக்கறது இங்க எல்லாக் குழந்தைக்கும் தெரிஞ்ச விளையாட்டு. பெரணிக்கு விதையே கிடையாது, இலைக்கு அடில தூசு மாதிரி சின்னதா இருக்கற ஸ்போர்லதான் பரவுதுன்னு சொல்ல அத விட நல்ல நேரம் எங்க கிடைக்கும்? இங்க கொடைக்கானல்ல இருக்கற செண்பகனூர் இயற்கை வரலாற்று மியூசியத்துலயும் இந்த மலைல கிடைச்சத சேர்த்து வச்சிருக்காங்கதானே.

காட்ட அழிக்கச் சொல்லல. கீழ விழுந்தத மட்டும் எடுக்கணும், சோலைக்குள்ள எதையும் தொடக்கூடாதுன்னு பசங்களுக்கு முதல் நாளே சொல்லிடுவேன். கல்வித்துறை ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு அலமாரி கொடுக்கணும், வாரத்துல ஒரு பீரியட் வெளிய கூட்டிட்டுப் போக அனுமதியும் எழுத்துல கொடுக்கணும். இப்போ திண்டு காலியாத்தான் கிடக்கு, பசங்க இன்னும் பாக்கெட்டுக்குள்ள எதையாவது கொண்டு வந்து "இங்க வைக்கலாமா டீச்சர்"னு கேக்கறாங்க.

இப்படிக்கு,
ஒரு அறிவியல் ஆசிரியை,
கொடைக்கானல் மேல்மலை