ஆயுள் கைதியின் முன்விடுதலை மனுவை நிராகரித்தால் காரணம் சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆயுள் தண்டனை பெற்றவர் 14 ஆண்டுகளில் வெளியே வந்துவிடுவார் என்ற எண்ணம் இன்னும் பரவலாக இருக்கிறது. அத்தண்டனை ஆயுள் முழுமைக்குமானது என காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற கோபால் விநாயக் கோட்சேயின் வழக்கில் 1961-இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றவரை 14 ஆண்டுகள் சிறையில் கழிக்கும் முன் தண்டனைக் குறைப்பால் விடுவிக்கக் கூடாது என்பதுதான் 1978-இல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 433-ஏ பிரிவு; 2024 முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தில் அது 475-ஆவது பிரிவாக உள்ளது. அதன் பிறகு அவர் வெளியே வருவதும் வராததும் அரசின் முடிவைப் பொறுத்தவை.

அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதே என் கவலை. குற்றம் சமூகத்தை எவ்வளவு பாதித்தது, அவர் மீண்டும் குற்றம் செய்ய வாய்ப்புண்டா, மேலும் சிறையில் வைப்பதால் பயன் உண்டா, குடும்பத்தின் நிலை என்ன என்பவற்றைப் பார்க்க வேண்டும் என லக்ஷ்மண் நஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. ஆனால் காவல் துறையின் ஆட்சேபணையும் தண்டித்த நீதிமன்றத்தின் எதிர்ப்பும் கோப்பில் இருந்தால், அதற்கு மேல் ஆராயாமலே மனுவை ஒதுக்கிவிடும் வழக்கம் இருக்கிறது. 2023-இல் பீகார் கைதி ஒருவரின் வழக்கில் இதை உச்ச நீதிமன்றம் கண்டித்தது. அன்றைய வழக்கு ஆவணத்தைப் படித்து நீதிபதி சொல்லும் கருத்து குற்றம் நடந்த நாளைப் பற்றியது; இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த மனிதர் எப்படி மாறினார் என்பதை அது சொல்லாது. அதை அருகிலிருந்து பார்த்த சிறை அலுவலரின் அறிக்கைக்கும், வீட்டுக்குச் சென்று விசாரித்த நன்னடத்தை அலுவலரின் அறிக்கைக்கும் உரிய இடம் தரப்பட வேண்டும்.

தாராளமாகத் திறந்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. 2002 குஜராத் கலவரத்தில் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பில்கிஸ் பானுவின் வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற கைதிகள் 11 பேரை 2022-இல் குஜராத் அரசு விடுவித்தது, அந்தப் பெண்ணுக்கு இழைக்கப்பட்ட இன்னொரு கொடுமை. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பாதிக்கப்பட்டோரின் குரலைக் கேளாமல் எடுக்கும் எந்த முடிவும் நியாயமாகாது.

அரசின் கொள்கைப்படி தகுதி பெறுவோரை அவர்கள் மனுச் செய்யாவிட்டாலும் பரிசீலிக்க வேண்டும், காரணங்களை எழுத்தில் பதிய வேண்டும், முடிவைச் சிறை வழியே அவர்களுக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வக்கீல் வைக்க வசதியில்லாத ஏழைக் கைதிகளுக்கு இது பெரிய ஆறுதல். தமிழக அரசு இதை ஒவ்வொரு மத்திய சிறையிலும் நடைமுறைப்படுத்துவதோடு, 1982-ஆம் ஆண்டு தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி கைதிகள் கேட்கும் சாதாரண, அவசர விடுப்பு மனுக்களுக்கும் இதே ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும். தாயின் இறுதிச் சடங்குக்காக அவசர விடுப்பு கேட்பவருக்கு, அனுமதியோ மறுப்போ, சடங்கு நடப்பதற்கு முன் பதில் கிடைத்தாக வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
பாளையங்கோட்டை.