திருநெல்வேலி ஜங்ஷனில் எழும்பும் ஹோட்டலின் முதலாளிக்கும் ஆர்க்கிடெக்ட்டுக்கும் ஒரு திறந்த மடல்

அண்ணாச்சி அவர்களுக்கும், படத்தை மாற்றி மாற்றி வரைந்துகொண்டிருக்கும் ஆர்க்கிடெக்ட் அவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் தகர வேலியில் இதுவரை மூன்று பிளெக்ஸ் மாறிவிட்டது. முதல் படத்தில் ஒவ்வொரு மாடிக்கும் ஆழமான பால்கனி இருந்தது, ஜன்னலுக்கு மேல் நல்ல சன்ஷேடும் இருந்தது. இரண்டாவதில் மாடி ஏறியது, பால்கனி ஒட்டிப்போனது. இப்போது தொங்குவதில் மேற்குப் பக்கம் கீழிருந்து உச்சிவரை நீலக் கண்ணாடி. அதுவும் நடுவில் உள்வாங்கி வளைந்த கண்ணாடி. டிசைன் மாறுவதில் தப்பில்லை. உயரமும் எனக்கு உறுத்தலில்லை. 18.30 மீட்டரைத் தாண்டினால் உயரமான கட்டடத்துக்கான விதிகள் வந்துவிடும், அதைத் தீயணைப்புத் துறையும் நகர் ஊரமைப்புக்காரர்களும் பார்த்துக்கொள்வார்கள். என் வருத்தமெல்லாம் அந்த மேற்குக் கண்ணாடிதான்.

நம்ம ஊரில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் மத்தியானச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதனால் வடக்குச் சுவரையும் தெற்குச் சுவரையும் ஒரு சன்ஷேடே ஓரளவு காப்பாற்றிவிடும். மேற்கில் அந்தப் பாச்சா பலிக்காது. நாலு மணி வெயில் சாய்ந்து, சன்ஷேடுக்குக் கீழே புகுந்து, நேரே கட்டிலில் விழும். செங்குத்துப் பலகையோ, துளை போட்ட ஜாலிச் சுவரோ, உள்ளே தள்ளிய பால்கனியோதான் அதைத் தடுக்கும். திண்ணையும் தார்சா என்கிற முன்தாழ்வாரமும் தாண்டித்தான் பட்டாசல் என்கிற கூடத்துக்குள் வெளிச்சம் வரவேண்டும் என்று நம்ம பக்கத்துக் கொத்தனார்கள் கட்டியது சும்மா இல்லை. கண்ணாடி ரூமில் தங்குகிறவர் முதல் காரியமாகத் திரையை இழுத்து மூடுவார். அப்புறம் எதற்கு அந்தக் கண்ணாடி?

சரி, கரண்டு பில் உங்கள் பாடு. வெளியே திரும்பி அடிக்கும் வெயில் எங்கள் பாடு. மேற்கே இருக்கும் டவுனிலிருந்து ஈரடுக்கு மேம்பாலம் வழியாக ஜங்ஷனுக்குச் சாயங்காலம் பைக்கில் வருகிறவனுக்கு இப்போது வெயில் முதுகில் அடிக்கிறது. நாளைக்கு முகத்திலும் அடிக்கும். உள்வளைந்த கண்ணாடி வெயிலை ஒரே இடத்தில் குவிக்கும் என்பது இன்னொரு தலைவலி. லண்டனில் ‘வாக்கி டாக்கி’ என்று பட்டப்பெயர் எடுத்த கட்டடம் 2013இல் தெருவில் நிறுத்தியிருந்த காரின் பாகங்களை உருக்கிவிட்டது. லண்டன் வெயிலுக்கே அந்தக் கதி.

மூன்று படத்திலும் மாறாத ஒன்று பேஸ்மென்ட். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன் கிடந்த கிடப்பு உங்களுக்கும் தெரியும். கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசுக்குள்ளேயே தண்ணீர் வந்தது. ஜெனரேட்டரையும் கரண்டு பேனலையும் கீழே வைத்தால், அப்படி ஒரு நாளில் லிப்ட்டும் ஓடாது, தீயணைப்பு பம்பும் ஓடாது. இரண்டையும் மேலே ஏற்றிவிடுங்கள். கீழே கார் நிற்கட்டும். (அதுவும் மிதக்கும், அது காரோட்டி கவலை.)

வருஷத்தில் எந்த மாதம், எத்தனை மணிக்கு, அந்தக் கண்ணாடி வெளிச்சம் எங்கே விழும் என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பது ஆர்க்கிடெக்ட் ஆபீசுக்குப் பெரிய வேலை இல்லை. பார்த்து, அந்தப் படத்தையும் அளவுகளோடு வேலியில் மாட்டுங்கள். பாலத்தில் விழவில்லை என்றால் நான் வாயைத் திறக்கவில்லை. விழுந்தால், வளைவை எடுத்துவிட்டு, பழைய பால்கனிகளை மேற்கில் திருப்பிப் போடுங்கள்.

இப்படிக்கு,
தினமும் அந்தப் பாலத்தில் வரும் டவுன்காரன்