பெட்டிக் கேக்கும் பங்கனப்பள்ளியும்

வில்லிவாக்கம்,
மே மாதம்

அன்புள்ள காதருக்கு,

இங்கே எல்லோரும் நலம். கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. மத்தியானம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பிசியோதெரபிக்கு ஒழுங்காகப் போகிறாயா, இல்லை இரண்டு நாள் போய்விட்டு நிறுத்திவிட்டாயா? தங்கச்சியை ஒரு வரி எழுதச் சொல். உன் வாயிலிருந்து உண்மை வராது.

நான் கேக் செய்கிறேன் என்றதும் போனில் அப்படிச் சிரித்தாய். "பெட்டி மாவைக் கலக்குறதெல்லாம் ஒரு சமையலாடா?" என்றாய். அப்புறம் செய்முறையையும் எழுதி அனுப்பச் சொன்னாய், அதனால் போகட்டும். இட்லி மாவையே பாக்கெட்டில் வாங்கும் ஊர் இது. அந்தக் கேக் மிக்ஸ் பெட்டியில் இருப்பது மைதா, சர்க்கரை, உப்ப வைக்கும் பொடி, கொஞ்சம் வாசனை. எல்லாவற்றையும் அளந்து கலந்து தருகிறார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பெட்டி மாவைத் தொடங்கிவைத்தது கரும்புப் பாகு வியாபாரம் செய்தவர்கள் என்று படித்தேன். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் டஃப் அண்ட் சன்ஸ் என்று ஒரு கம்பெனி. பாகை மாவோடு சேர்த்து உலர்த்திப் பொடியாக்கி, தண்ணீர் மட்டும் விட்டால் இஞ்சி கேக் தயார் என்று 1933இல் காப்புரிமை வாங்கினார்கள். அடுத்து 1935இல் வாங்கிய காப்புரிமையில், மாவில் இருந்த முட்டைப் பொடியை நீக்கிவிட்டார்கள். வீட்டுப் பெண்கள் தாங்களே நல்ல முட்டையாக உடைத்து ஊற்றத்தான் விரும்புகிறார்கள் என்று அதற்குக் காரணம் எழுதியிருந்தார்களாம். நம் ஊர்க் கடையில் கதை தலைகீழ், முட்டை சேர்க்காத மாவுதான் முன்வரிசையில் நிற்கிறது. ஆனால் அந்தக் கம்பெனிக்காரர் கணக்கு எனக்கும் பொருந்துகிறது. நம் கையால் ஏதாவது ஒன்று உள்ளே போனால்தான் அது நம் பலகாரம். நான் போடுவது மாம்பழம்.

சூட்சுமம் இதுதான். பெட்டியில் எவ்வளவு தண்ணீர் சொல்லியிருக்கிறதோ, அதில் முக்கால் பங்குக்கு மாம்பழக் கூழ், கால் பங்குக்குத் தண்ணீர். முழுக்கக் கூழாகவே விட்டால் கேக் களி மாதிரி கனத்துப் போகும். எண்ணெய் அளவை மாற்றாதே. வெனிலா மாவாக வாங்கு; சாக்லேட் மாம்பழத்தை அமுக்கிவிடும். பழம் பங்கனப்பள்ளி, நார் கிடையாது. கீழக்கரையில் எப்படியோ, நான் கோயம்பேட்டில் காம்புப் பக்கம் முகர்ந்து பார்த்துத்தான் எடுப்பேன். தோல் தகதகவென்று மஞ்சளாக இருந்து வாசனையே இல்லையென்றால் அது பெரும்பாலும் கார்பைடு கல் வைத்த சரக்கு. இமாம் பசந்தைக் கூழாக்குவது பாவம், அதை நறுக்கி அப்படியே சாப்பிட வேண்டும்.

கலந்த மாவை வைத்துக்கொண்டு யாரோடும் பேச உட்காராதே. ஈரம் பட்டதுமே அந்த உப்ப வைக்கும் பொடி வேலையைத் தொடங்கிவிடும். தாமதித்தால் காற்றெல்லாம் வெளியேறி, கேக் எழும்பாது. ஓவன் என்றால் 170 டிகிரி போதும், பெட்டி 180 என்று சொன்னாலும். பழத்தில் இருக்கும் சர்க்கரை மேலே சீக்கிரம் கருக்கிவிடுகிறது. ஓவன் இல்லையென்றால் பழைய குக்கர்: கேஸ்கட், வெயிட் இரண்டையும் கழற்றிவிட்டு, அடியில் உப்பைப் பரப்பி, ஒரு ஸ்டாண்டு வைத்து, பத்து நிமிடம் சூடாக்கி, அப்புறம் பாத்திரத்தை இறக்கு. தண்ணீர் விடக் கூடாது. சிறுதீயில் முப்பத்தைந்து, நாற்பது நிமிடம். குச்சியால் குத்தினால் மாவு ஒட்டக் கூடாது.

இனி உன் ஊர்ச் சமாசாரம். இந்த வெயிலில் சூடான கேக்கை யார் தின்பது? அமெரிக்கர்கள் கோடைக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: வெந்த கேக்கை முள்கரண்டியால் குத்தி, ஜெல்லியைக் கரைத்து ஊற்றி, குளிரவைத்துச் சாப்பிடுவார்கள். அவர்கள் ஜெல்லி ஜெலட்டினில் செய்வது. நம் மே மாதத்தில் ஃபிரிட்ஜை விட்டு வெளியே எடுத்துக் கொஞ்ச நேரத்தில் இளகி ஓடும். அப்போதுதான் உங்கள் உம்மா நோன்பு நேரத்தில் செய்யும் கடல்பாசி (அகர் அகர்) இனிப்பு ஞாபகம் வந்தது. திருவல்லிக்கேணி மேன்சனுக்கு டிபன் கேரியரில் கொண்டுவருவாயே, ரோஸ் கலரில், சாய்சதுரமாக வெட்டி, பஸ்ஸில் அவ்வளவு தூரம் வந்தும் முனைகூட மழுங்காமல். பாசி உறைந்துவிட்டால் மறுபடி உருக 85 டிகிரி சூடாவது வேண்டும். சென்னை வெயில் அதனிடம் செல்லாது.

ஐந்து கிராம் பாசியை ஊறவைத்து, ஒன்றரைத் தம்ளர் தண்ணீரில் முழுக்கக் கரையும்வரை கொதிக்க விடு. சர்க்கரை உன் இஷ்டம். சுகர்க்காரன் நீ, பார்த்துப் போடு. ஒரு தம்ளர் கூழைத் தனியே வெதுவெதுப்பாக்கி அதில் சேர். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கூழை அப்படியே கொட்டினால் பாசி அங்கங்கே கட்டி தட்டிவிடும். ஆறிய கேக்கைக் குத்திக் கொஞ்சம் நீர்த்த மாம்பழச் சாறு ஊறவிட்டு, மேலே இந்தக் கலவையை ஊற்று. அரை மணியில் உறைந்துவிடும். மிச்சத்தைக் கிண்ணத்தில் ஊற்றிவைத்தால் பேரப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

அன்னாசியிலும் இதைச் செய்யலாம். சமைக்காத அன்னாசி ஜெலட்டினை உறையவே விடாது, பழத்தில் இருக்கும் நொதி ஜெலட்டினின் புரதத்தைக் கரைத்துவிடும். பாசியில் புரதம் இல்லை, அதனால் கவலை இல்லை.

இங்கே கடையில் பாசி சின்னப் பாக்கெட்டுக்கே விலை கேட்டால் தலை சுற்றுகிறது. உன் மகன் அடுத்து சென்னை வரும்போது ஒரு கட்டு கொடுத்தனுப்பு. திரும்பும்போது கேக் அவன் கையில் வரும், பாதி வழியில் அவன் காலி செய்தால் நான் பொறுப்பில்லை.

உன்,
சுந்தரம்