முரளிக்கு, ஐந்து திருகு ரிவால்வரைப் பற்றி

சான் ஆன்டோனியோ

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போடச் சொல். இங்கே எல்லாரும் நலம். சின்னவள் ஆஸ்டினில் காலேஜ் சேர்ந்துவிட்டாள், வீடு வெறிச்சென்று இருக்கிறது, அவள் அம்மா தினமும் வீடியோ காலில் "சாப்பிட்டாயா" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பழைய ரிவால்வர் ஒன்று பார்த்து வைத்திருப்பதாகவும், அதில் இருக்கும் ரப்பர் கைப்பிடி பிடிக்கவில்லை, மாற்ற முடியுமா என்றும் கேட்டிருந்தாய். நல்ல நேரத்தில் கேட்டாய், நானும் போன மாதம் அதே மாதிரி ஒன்றை வாங்கி, அதற்குச் சரியான பிடி தேடித்தான் அலைந்தேன். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் மிலிட்டரி அண்ட் போலீஸ் என்ற ரிவால்வர், .38 ஸ்பெஷல் தோட்டா போடுவது, நான்கு அங்குலக் குழல். 1899-ல் வந்த வடிவம், 1957-ல் கம்பெனி எல்லாவற்றுக்கும் எண் போட ஆரம்பித்தபோது இதற்கு மாடல் 10 என்று பெயர் வந்தது. 60 லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். ஒரு தலைமுறை அமெரிக்கப் போலீஸ்காரர்களின் இடுப்பில் இருந்த துப்பாக்கி இதுதான். அதனால்தான் இன்றைக்கும் நியாயமான விலைக்கு நல்லது கிடைக்கிறது. என்னுடையது 450 டாலர். ஓய்வுபெற்ற ஒரு ஷெரீஃப் ஆபீஸ்காரருடையது, அவர் இறந்த பிறகு குடும்பத்தார் ஒரு சின்னக் கடையில் கொடுத்துவிட்டார்கள்.

நான் உனக்குச் சொல்ல நினைப்பது ஒன்றுதான்: பழைய ரிவால்வர் வாங்கும்போது முதலில் கைப்பிடியைக் கழற்றிப் பார். வெளியே பளபளவென்று இருப்பதை வைத்து விலை பேசாதே. கடைக்காரர் கழற்ற விடமாட்டேன் என்றால் அந்தக் கடையை விட்டு வந்துவிடு.

ஏனென்றால் ரப்பர் பிடி ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் வியர்வையும் மழைத் தண்ணீரும் உள்ளே இறங்கி, வெளியே வர வழியில்லாமல், இரும்பைத் தின்னும். என்னுடையதில் பாக்மயர் என்ற கம்பெனியின் ரப்பர் பிடி இருந்தது. கடையிலேயே கழற்றினோம். பின்பக்கப் பட்டையில் மிளகு தூவினது போல் துருப்புள்ளிகள், விரல் நகத்தால் வருடினால் லேசாகத் தட்டுப்படும் அளவு, அதற்கு மேல் ஆழம் இல்லை. வெண்கல ஊல் (மெல்லிய வெண்கல இழைப் பஞ்சு) கொண்டு எண்ணெய் விட்டுத் தேய்த்தால் அடங்கிவிடும் துருதான், அடங்கியும் விட்டது. குழி விழுந்த துருவாக இருந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தத் துப்பாக்கிகளில் சீரியல் எண் பிடியின் அடிப்பகுதியில், இரும்பில் அடித்திருக்கும். முழுசாகச் சுற்றி மூடும் ரப்பர் பிடி போட்டிருந்தால் அந்த எண் கண்ணுக்கே தெரியாது. தோட்டா வைக்கும் உருளையை, அதாவது சிலிண்டரைத் திறந்தால் உள்ளே தெரிகிற எண்ணைச் சீரியல் எண் என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள், அது பாகங்களைச் சேர்க்கும்போது அடிக்கிற எண், அதை நம்பக் கூடாது. அடியில் இருக்கும் எண்ணை எடுத்துக்கொண்டு சிலிண்டரின் பின்முகத்திலும் குழலின் அடிப்பக்கத்திலும் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார். மூன்றும் ஒன்றாக இருந்தால் எல்லாம் சேர்ந்தே பிறந்தவை. என்னுடையதில் மூன்றும் ஒன்று. எண்ணுக்கு முன்னால் "சி" எழுத்து, அது 1948-லிருந்து 1967 வரை ஓடிய வரிசை. அப்புறம் திருகுகளை எண்ணினேன். உள் பாகங்களை மூடும் பக்கத் தகட்டில் நான்கு, டிரிகர் வளையத்துக்கு முன்னால் ஒன்று, மொத்தம் ஐந்து. மேலே இருக்கும் தகட்டுத் திருகை 1955 வாக்கில் எடுத்துவிட்டார்கள், ஆகவே இது அதற்கு முந்தையது. இப்படி இரும்பே தன் வயதைச் சொல்லும்போது எனக்குக் கிடைக்கிற சந்தோஷம் உனக்குத் தெரியும், என்.சி.சி.யில் அந்த .22 ரைஃபிளைத் துடைக்கச் சொன்னால் நாம் இரண்டு பேரும்தானே கடைசி வரை உட்கார்ந்திருப்போம்.

மற்றதெல்லாம் சீக்கிரம் பார்த்துவிடலாம். முதலில் சிலிண்டரில் தோட்டா வைக்கும் ஆறு அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிடு. பின்னால் இருக்கும் சுத்தியலை, அதாவது ஹேமரை மெல்ல இழு, அது முழுக்கப் பின்னால் வந்து நிற்பதற்குள் சிலிண்டர் கிளிக் என்று பூட்டிக்கொள்ள வேண்டும், ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பார். டிரிகரை அழுத்திப் பிடித்தபடி சிலிண்டரை ஆட்டிப் பார், ரொம்ப ஆடினால் வேண்டாம். குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார். அவ்வளவுதான். சுடும்போது 158 கிரெயின் (குண்டின் எடை) சாதாரணத் தோட்டா போதும், பிளஸ் பி என்று போட்ட அதிக அழுத்தத் தோட்டாவை இந்த வயசு இரும்பில் போடாதே.

இப்போது பிடிக்கு வருகிறேன், அதில்தான் நிறைய இருக்கிறது.

ஸ்மித் துப்பாக்கியில் சட்டத்தின், அதாவது மற்ற பாகங்களைத் தாங்கும் இரும்பு உடலின், அளவுக்கு ஓர் எழுத்து உண்டு. ஜே சின்னது, கே நடுத்தரம், எல் கொஞ்சம் பெரியது, என் ரொம்பப் பெரியது. கே-க்கும் எல்-லுக்கும் பிடி அளவு ஒன்றே, ஜே-யும் என்-னும் வேறு. கே-யிலேயே அடிப்பகுதி சதுரமாக வந்ததும் உண்டு, வட்டமாக வந்ததும் உண்டு. ஒன்றின் மரம் மற்றதில் சரியாக உட்காராது. ஆகவே ஆர்டர் போடுவதற்கு முன் இரண்டு கேள்வி: எந்தச் சட்டம், அடி சதுரமா வட்டமா. இது தெரியாமல் வாங்குகிறவர்கள் மரத்தை அறுக்கிறார்கள், அதைக்கூடப் பொறுக்கலாம், சில பேர் மரத்துக்காக இரும்பையே ராவிவிடுகிறார்கள். எழுபது வருஷம் ஒழுங்காக உழைத்த ஒரு பொருளுக்குச் செய்கிற பெரிய அநியாயம் அது. மரம் இன்னொன்று கிடைக்கும், அந்த இரும்பு கிடைக்காது.

என்னுடையதற்கு அந்தக் காலத்து வால்நட் மரப் பிடிதான் வேண்டும் என்று முடிவு செய்தேன். நடுவில் திருகைச் சுற்றி ஒரு வைர வடிவம் விட்டு, மற்ற இடமெல்லாம் கட்டம் கட்டமாகச் செதுக்கியிருப்பார்கள். அந்த வைரத்தை 1968-ல் நிறுத்திவிட்டார்கள், ஆகவே வைரம் இருந்தால் பழையது அல்லது பழையதைப் பார்த்துச் செய்த புதியது. பழையதா என்று தெரிய வலது பக்கப் பலகையின் உட்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும், அது எந்தத் துப்பாக்கியோடு வந்ததோ அதன் சீரியல் எண் அங்கே அடித்திருக்கும். எனக்குக் கிடைத்த ஜோடியில் வேறொரு எண் இருக்கிறது, அந்தத் துப்பாக்கி இப்போது எங்கே இருக்கிறதோ. மூலப் பிடி தொலைந்த பிறகு அதே எண் கிடைக்காது, அதே காலத்தது கிடைத்தாலே பெரிய விஷயம். 120 டாலர். கொஞ்சம் கூடத்தான், ஆனால் மனசு சரி என்றது.

மாட்டிப் பார்த்தால் இடது பக்கம் மேல் விளிம்பில் மயிரிழை அளவு மரம் வெளியே துருத்தியது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு பிடியையும் அதனதன் சட்டத்தில் பொருத்தி இழைத்தார்கள், ஆகவே இன்னொன்றுக்கு மாற்றினால் இப்படித்தான் வரும். நான் அதை அப்படியே விட்டுவிட்டேன். கழற்றும்போது ஒன்று கவனி: திருப்புளியை இடையில் விட்டு நெம்பாதே, விளிம்பு பிய்ந்துவிடும். திருகைச் சில சுற்று தளர்த்திவிட்டு அதன் தலையில் லேசாகத் தட்டு, எதிர்ப்பக்கப் பலகை தானாகக் கழன்று வரும்.

அழகு சரி, கைக்கு எப்படி என்று கேட்பாய். இந்த மரப் பிடியில் டிரிகர் வளையத்துக்குப் பின்னால் ஓர் இடைவெளி இருக்கும், சுடும்போது வளையம் நடுவிரல் கணுவில் வந்து இடிக்கும். அதற்கு ஓக்லஹோமாக்காரர் மெல்வின் டைலர் பெயரில் ஓர் அலுமினியத் துண்டு உண்டு, டி-கிரிப் என்பார்கள். பலகைகளுக்கு அடியில் தகட்டுக் காதுகளைச் சொருகி அந்த இடைவெளியை அடைத்துவிடலாம். எதையும் அறுக்க வேண்டாம், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். போட்ட பிறகு இலக்கில் குறிகள் நெருங்கி விழுகின்றன.

வெள்ளையாகத் தந்தப் பிடி போடலாமா என்று கேட்டிருந்தாய். இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கத் தளபதி பேட்டன் தந்தப் பிடிதான் வைத்திருந்தார், அது உண்மை. ஆனால் யானையைக் கொன்று எடுத்தது நமக்கு வேண்டாம் முரளி. தந்த விற்பனைக்கான அரசுச் சட்டமும் 2016-லிருந்து இங்கே ரொம்ப இறுக்கம். வெள்ளை வேண்டுமென்றால் செயற்கைப் பொருளில் செய்கிறார்கள். என்னைக் கேட்டால் உனக்கு வால்நட்தான் பொருந்தும், உன் விரல்கள் குட்டை, இலக்குச் சுடுகிறவர்கள் போடும் பெரிய டார்கெட் பிடி போட்டால் டிரிகர் எட்டாது.

உங்கள் நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனி பெர்மிட் வாங்க வேண்டும், அதை முதலில் முடி. வேறு மாநிலத்தில் பார்த்ததாக இருந்தால் உன் ஊர் லைசென்ஸ் கடைக்கு அனுப்பித்தான் எடுக்க முடியும். பிடிக்கு அந்தத் தொல்லை இல்லை, சாதாரணத் தபாலில் வரும். வீட்டில் பேரப் பிள்ளை தவழ ஆரம்பித்திருக்கிறான் என்றாய், அதனால் துப்பாக்கிக்கு முன்னால் பூட்டுப் பெட்டி வாங்கிவிடு.

ரப்பரைக் கழற்றி, அடிப்பகுதியையும் பக்கத் தகட்டையும் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பு. சதுர அடியாக இருந்தால் என்னிடம் வைரம் இல்லாத வால்நட் ஜோடி ஒன்று சும்மா கிடக்கிறது, அனுப்பி வைக்கிறேன்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சேகர்